ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்

கன்னையன் ஏலத்தோட்டம் பிரைவேட் லிமிடெட்டில் நிரந்தர ஊழியர்கள் பதினொரு பேர். மகன் பாண்டியராஜ் தலைமைச் செயல் அதிகாரி ஆனதும் பன்னிரண்டு ஆனார்கள். போடி பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டிய ஃபிளெக்சில் அவன் கைகளைக் கட்டிக்கொண்டு கம்பெனியின் எதிர்காலத்தைப் பார்த்துச் சிரித்தான். உண்மையில் அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்டுடியோச் சுவர்க் கடிகாரத்தை. பசி.

பதவி அவனுக்கு வந்த விதம் இதுதான். அப்பா கன்னையன் இறந்த பதினாறாம் நாள், விசேஷச் சாப்பாடு முடிந்ததும் அக்கா அனுசியாவிடம் கேட்டான்.

"அக்கா, கம்பெனியை நீ பாத்துக்கயேன்."

பதினைந்து வருஷமாக அப்பாவோடு மலையேறித் தோட்டத்தைப் பார்த்தவள் அவள்தான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கெதுக்குப்பா அதெல்லாம்" என்றாள்.

அவன் நம்பிவிட்டான். சொந்தக்காரர்களுக்குப் பரம திருப்தி. மகன் இருக்கும்போது மகள் பெயரை போர்டில் எழுதும் ஆபத்து நீங்கியதே. மறுவாரமே சுழல் நாற்காலி வந்தது. சுற்றிலும் ஏலக்காய் மூட்டைகள் இருந்ததால் அது கடைசிவரை சுழலவில்லை.

பாண்டியராஜ் நல்லவன். ஆனால் எதையும் முடிவு செய்யப் பயம். ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி முதல் பக்கம் பார்ப்பான். அதற்குள் வேறு வண்டி வந்துவிடும். ஏலக்காயையும் அப்படித்தான் விற்றான். விலை ஏறினால் இன்னும் ஏறும் என்று காத்திருப்பான், இறங்கியதும் பதறி விற்பான். இரண்டு வருஷத்தில் கம்பெனி மெலிந்துபோனது. கூடவே அவனும்.

நாற்காலியைவிட்டு எழுந்துவிட ஆசை. ஊர் சிரிக்குமே என்று பயம். அதற்காக மதுரையிலிருந்து ராம்பிரசாத் என்ற நிர்வாக ஆலோசகரை வரவழைத்தான்.

"இந்த இடத்துக்கு யாரு சரியான ஆளோ, ஒளிக்காமச் சொல்லுங்க சார்."

அக்காவின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகி வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், தானும் கௌரவமாக இறங்கிவிடலாம் என்று நினைத்தான்.

ராம்பிரசாத் மூன்று நாள் தங்கினார். எல்லோரிடமும் படிவம் கொடுத்தார். அறிக்கை நாற்பது பக்கம், கலர் கலராக வட்டங்கள். தலைமைப் பண்பில் பாண்டியராஜுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அவனுடைய பயம் அதில் 'ஆழ்ந்த நிதானம்' ஆகியிருந்தது. அனுசியாவுக்கு நாற்பத்தொன்று. காரணம்: தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை போனில் இருக்கிறார், பேச்சில் தொழில் சம்பந்தப்பட்டது மிகக் குறைவு.

"சார், நல்லா யோசிச்சுத்தான் போட்டீங்களா?" என்றான் பாண்டியராஜ்.

"நீங்க உங்களையே குறைச்சு மதிப்பிடுறீங்க. அதுவும் தலைவருக்குள்ள குணம்தான் சார். அதுக்கே நாலு மார்க் குடுத்திருக்கேன்."

இனி அந்த இரண்டு மணிநேரப் போன் வேண்டாம், தொழிலாளர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துத் தினம் ஓர் ஊக்க வாசகம் அனுப்பினால் போதும் என்பது அவருடைய முதல் பரிந்துரை. அனுசியா கேட்டுக்கொண்டாள்.

"படிச்சவுக சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல பாண்டியராஜ் வாயெடுத்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். அதற்குள் முதல் வாசகம் போய்விட்டது.

மலையில் அப்போது காய் எடுப்புச் சமயம். பழுத்த காயை நாலு நாள் விட்டால் செடியிலேயே வெடித்துவிடும். காய் எடுக்கும் பெண்கள் ராசிங்காபுரத்திலிருந்து விடியும் நேரம் ஜீப்பில் மலையேறுவார்கள். பத்துத் தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக நிற்கும். எதில் ஏறுவது என்பது அவர்கள் இஷ்டம். கன்னையன் தோட்டத்து ஜீப்பு எப்போதும் முதலில் நிறையும். அந்த வாரம் அது பாதியானது, பிறகு காலியானது. ஆள் இல்லாத வண்டிக்கு நான் எதற்கு என்று டிரைவர் முத்துக்கண்ணனும் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ஆறாம் நாள் விடியலில், தேய்த்த சட்டையோடு பாண்டியராஜே போய் நின்றான். சோலையம்மாள் தூக்குவாளியும் துண்டுமாக அவனைக் கடந்து வேறு ஜீப்புக்குப் போனாள். அப்பா காலத்திலிருந்தே அவர்கள் தோட்டத்தில் காய் எடுத்தவள்.

"ஆத்தா, நம்ம ஜீப்பு இங்க நிக்குது."

"நிக்கட்டும் அப்பு."

"மெசேஜ் வரலையா?"

"வந்துச்சு, வந்துச்சு. 'உங்களால் முடியும்'னு பேத்தி வாசிச்சா. என்னால முடியும்னு எனக்குத் தெரியாதாக்கும்? முட்டிக்கு எண்ணெய் தேச்சியா, மருமக வீட்டுக்குத் திரும்பிட்டாளா, நாளைக்கு மேட்டுக் காட்டுக்குப் போகாத, பள்ளத்துல எடுன்னு உங்கக்காதேன் தெனம் கேக்கும். இப்ப அதுவே பேச மாட்டேங்குது. எங்க மேல என்ன கோவமோ, யாரு கண்டா?"

பக்கத்தில் நின்றவள் சேர்ந்துகொண்டாள். "ஃபிளெக்சுல சிரிச்சா மட்டும் ஆளு ஏறுமா அண்ணே?"

ஜீப்புகள் புறப்பட்டுப் போயின. பாண்டியராஜ் காலி ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு நேராக ஏலக்காய் ஸ்டோருக்கு வந்தான். அனுசியா முறத்தோடு உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, காயெல்லாம் வெடிக்குது."

"தெரியும்."

"அந்த மதுரைக்காரரைக் கூப்பிட்டதே உன் பேரைச் சொல்லுவாருன்னுதேன்."

அனுசியாவின் கை நின்றது. "அடப்பாவி! அதை என்கிட்டயே கேட்டா என்ன?"

"கேட்டேனே, பதினாறாம் நாளு. எனக்கெதுக்குன்னு சொன்னியே."

"ஒரு தடவை கேட்ட. எவதான் முதத் தடவையே சரின்னு சொல்லுவா? நம்ம வீட்டுல இன்னொரு இட்லி வேணுமான்னா, பசியோட இருக்கவுககூட வேண்டாம்னுதேன் சொல்லுவாக. ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்."

"நீ நெசமாவே வேண்டாங்கிறேன்னு நெனச்சேன்க்கா."

"நான் வாசல்லயே நின்னேன். நீ மறுபடி கேப்பேன்னு பாத்தேன். நீ நாற்காலி வாங்கப் போயிட்ட."

அவள் முறத்தை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். இரண்டு வருஷமும் நாற்பது பக்கமும் ஓர் இட்லியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் என்பது பாண்டியராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, கம்பெனியை நீ பாத்துக்க."

"வேண்டாம்ப்பா."

இந்தத் தடவை அவன் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. "நீதாங்க்கா பாக்கணும்."

அனுசியா கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தினாள். "போய் முகத்தைக் கழுவு. ஆமா, நாளைக்கு ஜீப்பை யாரு ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்."

"சொந்தக்காரவுக என்ன சொல்லுவாக?"

"ஒரு தடவை சொல்லுவாக. ரெண்டாவது தடவை சொன்னாப் பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கிய போன் ஒன்பதுக்கும் முடியவில்லை. முட்டி வலியும் மருமகள்களும் ஒரு வார பாக்கி.

மறுநாள் ஜீப்பு நிறைந்தது. பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் பாண்டியராஜ் ஹாரன் அடித்தான். எதிரே ஒன்றும் வராத இடத்தில் மறுபடியும் அடித்தான். ஒன்பதாம் வளைவில் போன் மணி அடித்ததும் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டுத்தான் எடுத்தான்.

"எங்கடா இருக்க?" என்றாள் அனுசியா.

பின்னாலிருந்து சோலையம்மாள் கத்தினாள். "நடந்து வந்திருந்தா இந்நேரம் சேர்ந்திருப்போம் ஆத்தா! முத்துக்கண்ணன் ரெண்டாவது டிரிப்புக்குப் பறப்பான், இவுக ஊர்கோலம் கூட்டிட்டுப் போறாக!"

ஜீப்பே சிரித்தது. மேட்டில் தூறல் பிடித்தபோது மேலே கட்ட வேறு தார்ப்பாய் இல்லை. பழைய ஃபிளெக்சைத்தான் கட்டியிருந்தார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு தலைகீழாகச் சிரித்த தலைமைச் செயல் அதிகாரிக்குக் கீழே பன்னிரண்டு பெண்களும் நனையாமல் போய்ச் சேர்ந்தார்கள். அரைமணி நேரம் தாமதம். ஆனால் யாரும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி வரவில்லை. இரண்டு பேர் தூங்கியே வந்தார்கள்.

சாயங்காலம் ராசிங்காபுரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, யாராவது எதையாவது மறந்துவிட்டார்களா என்று பாண்டியராஜ் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். சீட்டில் சோலையம்மாளின் துண்டு கிடந்தது.

"ஆத்தா, துண்டை விட்டுட்டுப் போற!"

"விட்டுட்டுப் போகல அப்பு. நாளைக்கு இடம் போட்டிருக்கேன்."

அவன் மறுபடி பார்த்தான். இரண்டு பெஞ்சு நீளத்துக்கும் துண்டுகள்.