அக்கரையில் நிற்கும் ஆசாரியர்

என் கணவர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். எந்த வயதுக்காரர் இன்னும் எத்தனை காலம் இருக்க வாய்ப்புண்டு என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, என்றோ வாழ்ந்து மறைந்த ஒரு வைணவ ஆசாரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்காருவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு காபி.

ஆசாரியர் மகா பண்டிதர். ஊர் ஊராகப் போய் வாதத்தில் வென்றவர். உரை மேல் உரையாக எழுதியவர். தொண்ணூறைத் தாண்டி இருந்தவர். அவரைப் பற்றி ஏற்கெனவே அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவர் தொட்டிலிலேயே கிழவராக இருந்தார். இவருக்கு அது பொறுக்கவில்லை.

"முப்பது வயசுக்காரனுக்கு அறுபது வயசுக்காரனப் பத்தி என்ன தெரியும்? அட்டவணைதான் தெரியும்" என்பார்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டார். ஆசாரியரின் எந்த வயதையும், தான் அந்த வயதுக்கு வந்து சேரும்வரை எழுதக் கூடாது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில்தான் தொடங்கினார். பிறப்பு முதல் இருபத்தொன்பது வரை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு வருடம்.

புத்தகத்தைப் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்த அச்சகத்துக்காரருக்கு இந்த விதி தாமதமாகத்தான் தெரியவந்தது.

"சார், நீங்க இருக்கறதே ஆயுள் காப்பீட்டுல. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"அவரு தொண்ணூறத் தாண்டினவரு. அப்ப நீங்களும் தாண்டணும், நானும் தாண்டணும். மிஷின் வேற தாண்டணும்."

"மிஷின மாத்திக்கலாம்" என்றார் இவர்.

எங்கள் வீட்டில் 'அவர்' என்றால் ஆசாரியர். இவர் என்றால் இவர். என் அம்மா போனில் மாப்பிள்ளையின் நலம் விசாரித்தால், "இவருக்கு ஒண்ணுமில்லம்மா. அவருக்குத்தான் இந்த வருஷம் முழுக்கக் காட்டுல நடை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவேன். அம்மாவும் பழகிக்கொண்டாள்.

ஆசாரியர் முப்பத்திரண்டாம் வயதில் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் துறவு பூண்டார். இது ஊரறிந்த விஷயம். நானும் அறிந்திருந்தேன். இவருக்கு முப்பத்திரண்டு பிறந்த அன்று பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து இவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உங்க அம்மா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வர்றியா?"

"எதுக்கு?"

"வேலை விஷயமா."

"யாரு வேலை?"

"அவரோட வேலைதான்."

போனேன். வாசலில் பெட்டியோடு என்னைப் பார்த்ததும் அம்மா, "சண்டையா?" என்றாள்.

"இல்லம்மா, ஆராய்ச்சி."

"அதுக்குச் சண்டையே தேவலாம்" என்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

சில நாட்களில் இவர் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

"எழுதியாச்சா?" என்றேன்.

"ஒரு வரி."

"என்ன வரி?"

"'பின்பு அவர் துறவு பூண்டார்.'"

"இந்த ஒரு வரிக்கா என்னை பஸ் ஏத்தி விட்டீங்க?"

"அவருக்கு வந்தது எனக்கு வரல. கிளம்பு. கேஸ் அடுப்பு வேற பத்த மாட்டேங்குது."

அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. சிலிண்டரைத் திறக்காமலே தீக்குச்சிகளைக் கிழித்துத் தள்ளியிருந்தார். புத்தகத்தில் அந்த அத்தியாயம் கடைசிவரை ஒரு வரியாகவே இருந்தது. அடுத்த வருடம் ஆசாரியர் வாதத்துக்குக் கிளம்பிவிட்டார். இவரும் ஆளைவிட்டால் போதும் என்று பின்னாலேயே போய்விட்டார்.

இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் அரசனுடைய கோபத்துக்குத் தப்பி வேற்றூரில் ஒளிந்திருந்தார். இவருக்கு மூச்சிரைக்கத் தொடங்கியது அதற்கும் சில வருடங்கள் பிறகு. மருத்துவமனையில் இளவயது டாக்டர் ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து விவரம் கேட்டார்.

"முந்தின தலைமுறையில யாருக்காவது இதய நோய் இருந்திருக்கா?"

இவர் கண்ணை மூடி யோசித்தார். "அவருக்கு இல்ல. அவரோட குருவுக்கு முதுகுல கட்டி. அதுக்கு முந்தினவரு நூத்தஞ்சு வயசு, தூக்கத்துல போனாரு."

டாக்டர் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

"டாக்டர், அது குரு பரம்பரை" என்றேன்.

"சரிம்மா. ரத்த சம்பந்தம் உண்டா?"

"இல்ல" என்றேன். இவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார்.

அறுபத்தெட்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்ட ஊசிக்கு நன்றி சொல்லிவிட்டு இறந்துபோனார். எழுதி வைத்திருந்த கடைசிப் பக்கத்தில், ஆசாரியர் வேற்றூரில் ஒளிந்திருந்த பல வருடம் முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறார். ஆற்றில் வெள்ளம். வடியட்டும், பொறுங்கள் என்கிறான் ஓடக்காரன். அதோடு பக்கம் முடிகிறது. இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அக்கரையில் நிற்கிறார்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் வந்து போன பிறகு, என் கொழுந்தனார் அச்சகத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொழுந்தனார் ஓய்வு பெற்ற பேராசிரியர். போனை எடுத்தாலே "முனைவர் பேசறேன்" என்பதால் வீட்டில் அவருக்கு முனைவர் என்றே பெயர்.

"அண்ணி, அடுத்த மாசம் நினைவுக் கூட்டம். அதுலயே புத்தகத்தை வெளியிட்டுடலாம். மீதியை நான் எழுதித் தர்றேன். ஒரு வாரம் போதும்."

"மீதி இருபது வருஷத்துக்கு மேல இருக்கே."

"நாலு பக்கத்துல முடிச்சிடுவேன். எல்லாம் ஏற்கெனவே புத்தகங்கள்ல இருக்கறதுதானே."

தம்பி யாரையும் சீக்கிரமாக வைகுண்டம் அனுப்பிவிடுவான் என்று இவர் சொல்வதுண்டு.

அந்த நாலு பக்கத்தைச் சேர்த்தால் புத்தகம் வந்துவிடும். ஆனால் அலமாரியில் இருக்கும் மற்றப் புத்தகங்களோடு போய் அதுவும் உட்கார்ந்துகொள்ளும். எதற்காக ஒரு மனிதர் இத்தனை வருடம் காத்திருந்தார் என்பதே இல்லாமல் போகும். சேர்க்காவிட்டால் புத்தகமே வராது. இவருடையது என்று எனக்கு வேறெதுவும் மிச்சமில்லை. காபியை ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"அறுபத்தி நாலு. ஏன் அண்ணி?"

"அப்ப நீங்க ஆத்தையே தாண்ட முடியாதே. உங்க அண்ணன் விதி அதுதான்."

அச்சகத்துக்காரருக்குக் காபி புரையேறியது. முனைவர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"எழுபத்தி நாலு. தாராளமா தாண்டலாம். ஆனா எனக்கு அச்சடிக்கத்தான் வரும், எழுத வராது."

"நான் எழுதறேன்" என்றேன். "எனக்கு அறுபத்தெட்டு ஆகட்டும்."

"அண்ணி, உங்களுக்கு இப்ப அறுபத்திரண்டு! அதுவரைக்கும் அந்த மகான் ஆத்தங்கரையில நிக்கறதா?"

"வெள்ளம் வடியணும்ல."

முனைவர் எழுந்துகொண்டார். கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது என்றார். ஊர் சிரிக்கும் என்றார். அண்ணனுக்கு ஏற்ற அண்ணி என்றார். கடைசியாகச் சொன்னதை அவர் திட்டாகத்தான் சொன்னார்.

அச்சகத்துக்காரர் மட்டும் வாசலில் தயங்கினார். "அம்மா, எனக்குச் சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. ஆத்தத் தாண்டினாலும் அவருக்கு இன்னும் இருபது சொச்சம் வருஷம் இருக்கு."

"தெரியும். மாத்திரைய ஒழுங்கா போட்டுக்குங்க."

"சரிம்மா. எனக்குப் பழக்கம்தான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இவர் எழுதி வைத்திருந்த காகிதக் கட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு வருடம் சும்மா இருக்க முடியாது. முப்பத்திரண்டாம் வயது என்ற தலைப்பு வந்தது. கீழே அந்த ஒற்றை வரி. பக்கத்தின் மீதியை இவர் காலியாகவே விட்டு வைத்திருந்தார். அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஆசாரியர் காவி உடுத்தியதை எல்லோரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அனுப்பப்பட்டவளோடு ஒருவரும் தெருமுனை வரைகூடப் போகவில்லை.

முப்பத்திரண்டை நான் தாண்டி வெகு காலமாகிறது. விதி இடம் கொடுத்தது. இவருடைய வரியை அடிக்காமல், அதன் கீழே எழுதினேன்:

'அவள் தாய்வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் அம்மா நின்றிருந்தாள். சண்டையா என்று கேட்டாள். இல்லை என்றாள். அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். சில நாட்கள் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.'