கலையாத வரிசை

என் அம்மாவும் அவளுடன் பிறந்தவர்களில் நால்வரும் முப்பத்தெட்டு வருடங்களாக ஒரே புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கோவில்பட்டி வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவான அன்று மத்தியானம், ஆளுக்கொரு திசையில் போவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறு பேரில் மூத்தவரான காசிராஜன் மாமா மற்ற ஐவரையும் நிறுத்தினார். "அசையாதீங்க" என்று சொல்லிப் பித்தானை அமுக்கினார். ஷட்டர் திறந்தது, மூடவில்லை. ஷட்டர் மூடாதவரை படம் முடியாது, படம் முடியாதவரை கலைய முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பின்வரிசையில் வேலாயுதம் மாமா, பாலகுரு மாமா, கோமதி பெரியம்மா. முன்வரிசையில் அம்மாவும் மரகதம் சித்தியும். வரிசை மாறக் கூடாது, முகம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். மற்றபடி எதற்கும் தடை இல்லை. ரேஷன் கடைக்குப் போவதென்றால் காசிராஜன் மாமா கேமராவை மார்போடு பிடித்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடப்பார். தெருவில் உள்ள பள்ளம் மேடெல்லாம் அவர் குதிகாலுக்கு மனப்பாடம். தூங்கும் நேரத்தில் கேமராவை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஐந்து பேரும் இரண்டு வரிசையாக மல்லாந்து படுப்பார்கள். பத்திரத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோன வேலாயுதம் மாமாவும் பாலகுரு மாமாவும் தோளோடு தோள் உரசியபடி ஒரு வார்த்தை பேசாமல் காலம் தள்ளினார்கள்.

அப்போது எனக்கு நான்கு வயது. உடன்பிறந்தவர்கள் மட்டும் என்றதால் படத்தில் எனக்கு இடமில்லை. அம்மா எனக்குத் தலை பின்னியது, சோறு போட்டது, திட்டியது எல்லாமே லென்ஸைப் பார்த்தபடிதான். அம்மாவை நினைத்தால் எனக்கு அவளுடைய இடது காதும் கம்மலும்தான் ஞாபகம் வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

இரண்டு மாதத்துக்கு முன்பு காசிராஜன் மாமா இறந்தார். கேமராவை எனக்கு எழுதிவைத்திருந்தார். நான் ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன். முதல் வாரத்திலேயே ஒரு மாட்டின் மேலும் இரண்டு சைக்கிள்களின் மேலும் மோதினேன்.

ஆனால் கேமராவை நான் பிடித்திருந்தபோது அம்மா என்னை நேராகப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதில், நினைவு தெரிந்து முதல் முறையாக. அவள் வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டு இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அந்தப் பார்வைக்காகவே தேவையில்லாத வேலைகளை உண்டாக்கினேன். ஒரே நாளில் மூன்று முறை எல்லோரையும் கிளப்பிக்கொண்டு கறிவேப்பிலை வாங்கப் போனேன்.

அம்மாவின் கால்கள்தான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மற்ற நால்வரும் சும்மா நிற்கும்போது அவள் கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும். அவள் நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரை இரண்டு குழியாகத் தேய்ந்திருந்தது. அதிர்வில் காப்பி சிந்துகிறது என்று மரகதம் சித்தி தினமும் குறைப்பட்டுக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது.

மதுரையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் ஜெபமணி என்பவரைத் தேடிக் கேமராவோடு போனேன். நான் போன நேரமெல்லாம் வீட்டில் ஐந்து பேரும் மதுரை இருக்கும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமணி கேமராவைக் காதில் வைத்துக் கேட்டார்.

"பத்து நிமிஷ வேலைம்மா. ஸ்பிரிங் சோம்பிக் கெடக்கு, அவ்வளவுதான். ஆனா மூடுனா மூடுனதுதான். கலைஞ்சவங்கள மறுபடி நிக்கவைக்க என்னால ஆகாது. வீட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க."

வீட்டில் யாரையும் கேட்காமலே இரண்டு முறை மதுரைக்குப் போய், கடை வாசலில் சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினேன். விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தபோது கேட்டேன். வேலாயுதம் மாமா சரி செய்யச் சொன்னார், தான் சொன்னதாகப் பாலகுருவிடம் சொல்லக் கூடாது என்றார். பாலகுரு மாமாவும் அதையே திருப்பிச் சொன்னார். கோமதி பெரியம்மா வேண்டாம் என்றாள். படுத்தால் பக்கத்தில் யாராவது மூச்சு விடும் சத்தம் கேட்க வேண்டுமாம். பெரியக்கா சொல்வதுதான் தன் முடிவும் என்றாள் மரகதம் சித்தி.

இரண்டுக்கு இரண்டு. அம்மாவிடம், ஈரோட்டு வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதையும் புதுக் கட்டில் வாங்கிப் போட்டிருப்பதையும் சொல்லி, வருகிறாயா என்று கேட்டேன்.

"மொதல்ல அத மூடச் சொல்லு, புள்ள" என்றாள் அம்மா. "காலு கெடந்து துடிக்கு."

அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஜெபமணி பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். எடுத்த இடத்திலேயே மூடினால்தான் படம் படமாக இருக்கும் என்பது அவர் கட்சி. எல்லோரும் பவுடர் பூசிக்கொண்டு நின்றார்கள். அவர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு திருகைத் தளர்த்தி, கேமராவை என் கையில் கொடுத்தார். அம்மா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தியின் முந்தானை சரியில்லை என்று இரண்டு முறை தாமதம் செய்தேன். ஜெபமணி கடிகாரத்தைப் பார்த்தார். அமுக்கினேன். பல்லி சொன்னது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. பிறகு பாலகுரு மாமா, "ஒங்க தோள் எலும்பு முப்பத்தெட்டு வருசமா குத்துது" என்றார். "தெரியும்" என்றார் வேலாயுதம் மாமா. ஒருவர் தெருவின் கிழக்கே போனார், மற்றவர் மேற்கே. பெரியம்மாவும் சித்தியும் உள்ளே போய் அக்கம்பக்கமாகப் படுத்துக்கொண்டார்கள்.

அம்மா என்னிடம் வந்து என் தாடையைப் பிடித்து முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நரைச்சிருச்சே ஒனக்கு" என்றாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டேன். அவள் படியிறங்கி நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வந்தது. அதைத் தாண்டியும் நடந்தாள்.

"நீ பஸ்ஸுக்குப் போ. நான் கொஞ்சம் நடந்துட்டு வாறேன்."

தெற்கே போகும் ரோட்டில் அவள் சின்னதாகும்வரை நின்று பார்த்தேன். அம்மாவின் முதுகை எப்போதும் பின்வரிசை மறைத்தே வைத்திருந்தது. அன்றுதான் அதைப் பார்த்தேன். அவளுக்காகத்தான் மூடினேன் என்று நினைத்திருந்தேன். எனக்காகத்தான் மூடியிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோது தெரிந்தது.

ஈரோட்டுக்குத் தனியாக வந்தேன். கட்டிலின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அம்மா கன்னியாகுமரியில் யாரிடமோ போன் வாங்கிப் பேசினாள். நிலம் முடிந்துவிட்டது, ஆனால் தண்ணீர் கெட்டியாகத்தான் இருக்கிறது, போய்ப் பார்க்கிறேன் என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொன்னேன்.

நேற்று ஒரு மீன்பிடிப் படகிலிருந்து கூப்பிட்டாள். கரை கண்ணில் இல்லையாம். படகுக்காரர்கள் சோறு போட்டார்களாம். எப்போது வருவாய் என்று கேட்டேன்.

"வந்துக்கிட்டுத்தான இருக்கேன். பூமி உருண்டைதான, புள்ள. இப்படியே நேரா வந்தா ஒன் வீடுதான்."

தெற்கே போனவள் வடக்கிலிருந்துதான் வந்து சேர வேண்டும். என் வீட்டுக்கு அந்தப் பக்கம் வாசல் கிடையாது. இன்று காலை கொத்தனார் வந்து சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டார்.