உப்புத்தண்ணிக்குத் தாங்குற போன்

தேவபிரசாதத்தின் கையில் எந்தப் போனும் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. திரேஸ்புரத்திலிருந்து சின்ன ஃபைபர் வள்ளத்தில் தனியாகப் போய் நண்டு வலை போடுகிறவர் அவர். சட்டைப் பையில் போனை வைத்தால், குனிந்து வலையை இழுக்கும்போது தண்ணீருக்குள் போய்விடும். மடியில் கட்டிக்கொண்டால் வேர்வையும் உப்பும் உள்ளே இறங்கி, எதிரில் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். மகள் சுஜிதா நர்சிங் படிக்க நாகர்கோவிலுக்குப் போகும்போது புதுப் போன் வாங்கிக்கொண்டு, பழைய டச் போனை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஈரக்கையால் தொட்டால் அது அசையவே இல்லை. கடலில் அவர் கை எப்போது காய்ந்திருந்தது?

"எனக்கு எதுக்குளா போன்? நண்டு என்ன கூப்பிட்டுச் சொல்லிட்டா வலைல விழுது?" என்று மனைவி விக்டோரியாவிடம் சொல்லிவிட்டு, போன் இல்லாமலே போய்வர ஆரம்பித்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவருடைய எஞ்சின் நடுவில் நின்றுபோனது. நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போய், கடைசியில் யாரோ ஒருவருடைய வள்ளம் கயிறு போட்டு இழுத்து வந்தது. அதுவரை விக்டோரியா கரையில் நின்றாள். வந்த ஒவ்வொரு வள்ளத்தையும் பார்த்து, அது அவருடையது இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் இறங்கி வந்து, "ஒண்ணுமில்லளா, பசிக்குது, சோறு இருக்கா?" என்று கேட்டார். நல்ல போன் ஒன்று வாங்கியே தீருவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

அவளுக்கு இறால் கம்பெனியில் வேலை. ஞாயிறு பூசை முடிந்து அப்படியே டவுனுக்குப் பஸ் ஏறினாள். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளில் பையன்கள் டச் போன்களையே எடுத்து வைத்தார்கள். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான் ஒருவன். அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து விரல்களை நனைத்துக்கொண்டு போனைத் தொட்டுப் பார்த்தாள். படங்கள் இங்கும் அங்கும் ஓடின. எதுவும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பையன் அவசரமாகத் துணியை எடுத்துத் துடைத்தான். பட்டன் போன் கேட்டால், உள்ளேயிருந்து விரல் நுனிக்குக்கூடப் போதாத பொத்தான்கள் வைத்த, தொட்டால் நொறுங்குகிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தேவபிரசாதத்தின் விரல்கள் வலைக்கயிறு அறுத்து அறுத்துத் தடித்துப்போனவை. கிட்டத்துப் பார்வையும் அவருக்கு மங்கிவிட்டது. கண்ணாடி போட்டால் கடல் தண்ணீர் தெறித்து உப்புப் படியும் என்று போடுவதில்லை.

அடுத்த ஞாயிறும் அலைந்தாள். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ரிப்பேர் கடை வைத்திருந்த செந்தூர்பாண்டிதான் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"கடல் வேலைக்கா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. உப்புத்தண்ணிக்குத் தாங்கணும். ஈரக்கைல அமுக்குனா கேக்கணும். எழுத்துப் பாக்காம கூப்பிட முடியணும். படம் பாட்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

அவர் மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார். சுற்றிலும் கறுப்பு ரப்பர் போட்ட, செங்கல் துண்டு மாதிரி ஒரு போன். "ஹார்பர்ல கிரேன் ஓட்டுத பையனுவளுக்காக வரவச்சது. அவனுவ இப்போ எல்லாரும் டச்சுக்குப் போயிட்டானுவ." அவர் அதைக் கைநீட்டிச் சிமெண்ட் தரையில் போட்டார். எடுத்து, டீ கிளாஸ் கழுவுகிற வாளித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துவிட்டு வேறொரு ஆளிடம் பேசினார். பிறகு எடுத்து உதறி, அவள் கொண்டுவந்திருந்த தேவபிரசாதத்தின் பழைய சிம்மைப் போட்டு நீட்டினார். அவள் அதன் நம்பருக்குத் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி மணி அடித்தது.

"ஒருதடவ சார்ஜ் போட்டா ஒரு வாரம் நிக்கும். ஒண்ணாம் நம்பரை அமுக்கிப் பிடிச்சா ஒரு ஆளுக்குக் கால் போவும். யார் நம்பரைப் போட?"

"என் நம்பரைத்தான்."

"வேற ஆம்பளையாளு யாரும் இருந்தா..."

"இல்ல அண்ணாச்சி. எனக்குத்தான் வரணும்."

அவர் போட்டுக் கொடுத்தார்.

தேவபிரசாதம் முதலில் சிரித்தார். பிறகு அந்தப் போனை விட அவருக்கு மனமில்லாமல் போனது. இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போனைப் போட்டு, டப்பாவை வலை மிதவை ஒன்றோடு கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னது விக்டோரியாதான். அவர் அப்படியே செய்தார். வான் தீவுப் பக்கம் நின்று வலையைப் போட்டுவிட்டு, காலையில் அவள் கம்பெனிக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து ஒன்றை அமுக்குவார்.

"சாப்டியா?"

"இதுக்கா கூப்டீங்க?"

"பின்ன, வாங்கிக் குடுத்துட்டுக் கூப்பிடக் கூடாதுங்கியா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கடலிலிருந்து அவளோடு இப்படித் தினமும் பேசியது அந்த மாதங்களில்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்குமே என்று அவள் வெட்கப்படுகிற அளவுக்கு அவருடைய குரல் அதில் கணீரென்று வந்தது.

ஆடியில் கச்சான் காற்று பிடித்தது. மேற்கிலிருந்து கரையைத் துடைத்துக்கொண்டு கடலுக்குள் போகிற காற்று அது. அன்று காலையில் காற்று குறைவாகத்தான் இருந்தது. நிறைய வள்ளங்கள் போயின. தேவபிரசாதமும் போனார். மதியத்துக்கு மேல் காற்று ஏற, வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன.

இறால் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையுறை, தலைத்தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு ஐஸ் தண்ணீருக்குள் நின்று தோலுரிக்கிறவர்களுக்கு வெளியில் காற்றடிப்பதுகூடத் தெரியாது. வேலை முடிந்து வெளியே வந்து போனை வாங்கியபோது, அதில் தேவபிரசாதத்தின் பெயர் கீழே கீழே வரிசையாக இருந்தது. அத்தனையும் அவள் எடுக்காத அழைப்புகள்.

அவள் அங்கேயே நின்று திரும்பக் கூப்பிட்டாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மணி போனது.

பஸ் பிடித்து இறங்கிக் கரைக்கு ஓடினாள். தேவபிரசாதத்தின் தம்பி செல்வின் தன் வள்ளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் போன் கிடந்தது.

"உனக்குக் கூப்பிட்டாவளா?"

"இல்லையே மைனி. அண்ணன் இன்னும் வரலியா?"

அதற்குள் பொழுது சாய்ந்திருந்தது. அந்தக் காற்றில் செல்வினும் இன்னும் நாலு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மறுநாள் கடலோரப் போலீஸ் படகும் போனது. தெருவே விக்டோரியாவின் வீட்டு வாசலில் இருந்தது. சுஜிதா நாகர்கோவிலிலிருந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் காய்ச்சல்காரரை விசாரிக்கிற மாதிரி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ரிங் போவுதா?"

"போவுது."

மணி போகிறது என்பதுதான் அந்த வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்திருந்தது. தண்ணீருக்குள் விழுந்த போனுக்கு மணி போகாது. அப்படியென்றால் அது எங்கேயோ கரையில் இருக்கிறது. கரையில் இருக்கிறதென்றால் அதைக் கொண்டுபோனவரும் இருக்க வேண்டும். கால் உடைந்திருக்கலாம், மயங்கிக் கிடக்கலாம், எடுக்க முடியாமல் இருக்கலாம். விக்டோரியா இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். டப்பாவும் மிதவையும் நினைவில் இருந்தவர்களும் அதை அவளிடம் சொல்லவில்லை.

"மைனி, சும்மா சும்மா அடிக்காதீங்க" என்றான் செல்வின். "சார்ஜ் எறங்கிரும். நாங்க தேடுத நேரத்துக்கு வேணும்."

அதிலிருந்து அவள் கூப்பிடுவதை விட்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அழைப்பும் அவருடைய மூச்சிலிருந்து கொஞ்சம் எடுக்கிறது என்பது மாதிரி பயந்தாள். ஆனாலும் கூப்பிடாமல் இருக்கும்போது, இப்போது எடுத்திருப்பாரோ என்றும் நினைத்தாள்.

வேம்பார் பக்கத்து மீனவர்கள் அவருடைய வள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். கவிழ்ந்து கிடந்தது. வலையில் பாதி உள்ளே சிக்கியிருந்தது. எஞ்சின் இல்லை. இதைக் கேட்ட பெண்கள் அழ ஆரம்பித்தபோது விக்டோரியா எழுந்து நின்றாள்.

"எதுக்கு அழுதிய? வள்ளந்தான அங்கன கெடக்கு? ரிங் போவுதுல்லா?"

போன் எந்த டவர் பக்கம் இருக்கிறது என்று போலீஸ் விசாரித்துச் சொன்னது. வான் தீவுப் பக்கம் என்றார்கள். செல்வின் மூன்று வள்ளங்களோடு போனான். தீவை நெருங்கியதும் எஞ்சின்களை நிறுத்திவிட்டு, அண்ணன் நம்பருக்குக் கூப்பிட்டான். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். காற்றும் அலையும் மட்டும்தான். துடுப்பால் தள்ளித் தள்ளித் தீவைச் சுற்றி வந்து, மறுபடி கூப்பிட்டார்கள். மேற்குக் கரைக்கு வந்தபோது ஒருவன் கையைத் தூக்கினான். ஒதுங்கிக் கிடந்த கடற்புல் குவியலுக்குள்ளிருந்து, அமுங்கின குரலில், மணி அடித்தது.

"அண்ணே" என்று கத்திக்கொண்டே செல்வின் இடுப்புத் தண்ணீரில் குதித்து ஓடினான்.

புல்லைக் கிளறியபோது மிதவையும், அதோடு கட்டின டப்பாவும் கிடைத்தன. டப்பாவுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தீவில் நடந்து தேட அதிக இடமில்லை. முழுவதும் தேடினார்கள். மணலில் அவர்களுடைய காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை.

செல்வின் அதைக் கொண்டுவந்து விக்டோரியாவின் கையில் கொடுத்தான்.

"டப்பா மூடி இருந்துச்சா?" என்று அவள் கேட்டாள்.

"இறுக்கி மூடி இருந்துச்சு மைனி. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவல."

அப்படியானால் அவர் கூப்பிட்டிருக்கிறார். எடுக்காததும் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். பிறகு வள்ளம் ஆடுகிற ஆட்டத்தில் போனை டப்பாவுக்குள் வைத்து, மூடியைத் திருகி இறுக்கியிருக்கிறார். போனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று. அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். அவள் அந்த இரண்டு கைகளையும் நினைத்துக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

சுஜிதா போனை வாங்கி, அப்பா யார் யாருக்குக் கூப்பிட்டார் என்று பார்த்தாள். அன்று மதியத்திலிருந்து ஒரே பெயர்தான்.

"ஒண்ணாம் நம்பர்ல உன்னப் போட்டிருந்தா நீ எடுத்திருப்ப" என்று விக்டோரியா செல்வினைப் பார்த்துச் சொன்னாள். "நீ கரைலதான இருந்த. போன் பக்கத்துலதான கெடந்துச்சு. கடைக்கார அண்ணாச்சி கேட்டாரு. வேற ஆம்பளையாளு யாரும் இல்லையான்னு. நாந்தான் எனக்கு வரணும்னேன்."

"அந்தக் காத்துல நானும் போயிருக்க முடியாது மைனி."

"பொழுது சாஞ்ச பெறவு போனியே."

போயிருந்தால் எட்டியிருப்பானா என்பது அவனுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தேவபிரசாதத்தின் உடல் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் வந்து, ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைத்துவிடலாம் என்றார். முதல் தடவை விக்டோரியா எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டாம் தடவை சுஜிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பீடத்துக்கு முன்னால் மேஜையில் அவருடைய படத்தை வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மற்ற வீட்டுச் சாவுகளில் உடலை வைத்த ஆசந்தியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்கு நடப்பார்கள். அன்று பூசை முடிந்ததும் எங்கே போவதென்று தெரியாமல் எல்லாரும் கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சுஜிதா அடுத்த வாரம் காலேஜுக்குத் திரும்பினாள்.

கச்சான் அடங்கின பிறகு ஒருநாள் மத்தியானம் செல்வின் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். அண்ணன் போன பிறகு அவன் கடலில் இறங்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

"நாளைக்கு எறங்கலாம்னு இருக்கேன் மைனி. உங்கட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"போ" என்றாள். "என்ட்ட எதுக்குக் கேக்க?"

அவன் நகரவில்லை.

"எந்தப் பக்கம் போற?"

"தெக்கதான் மைனி. தீவுப் பக்கம் போவல."

அவன் போடுவதும் நண்டு வலைதான்; இந்த மாதத்தில் தெற்கே நண்டு கிடையாது. அது அந்தத் தெருவில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தேவபிரசாதத்தின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்தன.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

அவன் இல்லையென்று தலையசைத்தான். அவள் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவன் எழுந்து போகிறவரை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.