மூன்றாம் பெயர்

முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமென்றும் தெற்கே காவிரியென்றும் பெயர் பூண்டு, நடுவிலுள்ள திருவரங்கத்தை இரு கைகளாலும் ஏந்தியதுபோல் ஓடும் ஆற்றின்மேல் புரட்டாசித் திங்களின் இளவெயில் பரவிக்கொண்டிருந்தது. அரங்கன் கோயிலின் தெற்குக் கோபுரம் பதின்மூன்று நிலைகளிலும் ஒளி பெற்று நிற்க, தென்கரையில் மலைக்கோட்டையின் மேற்குச் சரிவு மட்டும் விடியலின் நிழலை இன்னும் விடாமல் வைத்திருந்தது. பாலத்தின்மேல் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் நகர, அவற்றின் சாளரங்களில் ஈரக்கூந்தலும் மல்லிகையும் மணக்க, ஊர் தன் அலுவலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இத்துணை அழகையும் வெளியே விட்டுவிட்டு, நல்லறிவுடையீர், தென்கரையிலுள்ள ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடிக்கு வருக. அங்கே ஒரு பெண் அஞ்சி நிற்கிறாள்.

அவள் பெயர் மகாலட்சுமி. திருவரங்கத்து வடக்குச் சித்திரை வீதியில் பிறந்து வளர்ந்து, பதினெட்டு ஆண்டுகளாகப் பச்சிளங்குழந்தைகளுக்குச் செவிலியாய்ப் பணிபுரிபவள். நூலினும் மெல்லிய நரம்பில் ஊசி ஏற்றும்போதும் நடுங்காத கையினள். அவள் முன்னே கண்ணாடித் தொட்டிலில் கிடந்தது, ஏழாம் திங்களிலேயே பிறந்துவிட்ட ஒரு பெண்மகவு. ஒரு படி அரிசியினும் எடை குறைந்தது. மூச்சு வருவதும் நிற்பதும் மீண்டும் வருவதுமாய், எரிவதா அணைவதா என்று துணியாத சுடர்போல் இருந்தது. தாய் பேட்ரிசியா, வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுத்த புண்ணுடன் அடுத்த அறையில் எழ இயலாது கிடந்தாள். அவள் ஞாயிறுதோறும் கிறித்தவக் கோயிலில் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பிப்பவள். கைலாசபுரத்து ஆலையில் பணிபுரியும் அவள் கணவன் தைரியராஜ், பங்குத்தந்தையை அழைத்துவர ஓடியிருந்தான். அவரோ ஓர் அடக்கத்தின்பொருட்டு மணப்பாறைக்குச் சென்றிருந்தார். பிற்பகலுக்கு முன் வருதல் அரிது. மகவின் மூச்சு பிற்பகல் வரை காத்திருக்கும் என்று சொல்வாரோ ஒருவருமிலர்.

"அக்கா, நீங்களே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துடுங்க," என்று, தன் படுக்கையருகே வந்த மகாலட்சுமியின் கையைப் பேட்ரிசியா பற்றினாள்.

"நான் வேற சாமி கும்பிடறவ. நான் செஞ்சா செல்லுமா?"

"செல்லும். சாகக் கிடக்கிற உயிருக்கு யார் வேணா கொடுக்கலாம். நாங்க என்ன நெனைச்சுக் கொடுக்கறமோ அதையே நெனைச்சுக் கொடுத்தாப் போதும். பேரு இளவேனில். 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்'னு சொல்லிட்டு, தந்தையின் பெயராலே, மகனின் பெயராலே, தூய ஆவியின் பெயராலேன்னு மூணு தடவை தலையில ஊத்துங்க. என் பிள்ள தனியாப் போகக் கூடாதுக்கா. அவ்வளவுதான்."

மகாலட்சுமி அச்சொற்களை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே வந்தாள். ஊசி நீக்கிய மருந்துக்குழலில் வெதுவெதுப்பான தூய நீரை எடுத்தாள். தொட்டிலின் வட்டவாயில் வழியே கையை நுழைத்தாள். தந்தையின் பெயர் சொன்னாள், நீர் வழிந்தது. மகனின் பெயர் சொன்னாள், நீர் வழிந்தது. அக்கணமே நெஞ்சத்துடிப்பைக் காட்டும் கருவி கூக்குரலிட, மகவின் உதடுகள் நாவற்பழமாய்க் கறுக்க, குழல் கையிலிருந்து நழுவ, மருத்துவர் ஓடிவந்து அவளை விலக்கி அச்சிறு மார்பை இருவிரலால் அழுத்தலானார். கால் நாழிகை சென்று உயிர் மீண்டது. அப்போதுதான் அவள் நெஞ்சில் அந்த வினா எழுந்தது: மூன்றாம் பெயரைச் சொன்னேனா?

எத்துணை முயன்றும் நினைவு வரவில்லை. இரண்டாம் பெயருக்கும் கருவியின் கூக்குரலுக்கும் இடையே அவள் நினைவில் ஒரு பள்ளம் இருந்தது. அதனுள் எட்டிப் பார்க்குந்தோறும் ஒன்றும் தெரியவில்லை.

"மூணும் சொன்னீங்களாக்கா?" என்று கேட்டாள், அடுத்த அறையில் அவள் வரவுக்குக் காத்திருந்த தாய்.

"சொன்னேம்மா," என்றாள் மகாலட்சுமி.

சொன்னபின் அவளை அச்சம் பற்றியது. ஈரத்துணியில் எண்ணெய் பரவுவதுபோல் மெல்லப் பரவியது. அவள் அறிந்த வழிபாடு திருவரங்கத்து வழிபாடு. அரங்கனைத் தொழுது, தாயாரைத் தொழுது, சக்கரத்தாழ்வாரை மறந்து கோபுரவாயில் வரை வந்துவிட்டால், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு மீண்டும் உள்ளே ஓடுபவள் அவள். ஆகவே அம்மூன்று பெயர்களையும் மூன்று சந்நிதிகளாகவே எண்ணினாள். இரண்டில் விளக்கேற்றி, மூன்றாவதை இருளில் விட்டு வந்தேனே. விடப்பட்டவர் சினந்தால் அச்சினம் என்மேலன்றி இம்மகவின்மேல் இறங்குமோ! கருவியில் எண் ஒன்று குறையுந்தோறும், பெயர் தெரியாத அந்த மூன்றாமவர் தொட்டிலருகே முகம் திருப்பி நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. முதுகுக்குப் பின்னே எவரோ நிற்பதாய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தானே மறுமுறை ஊற்றிவிடலாமென்றாலோ, ஒருமுறை அளித்ததை மறுமுறை அளிப்பதும் குற்றமாயின் என் செய்வது? எவரிடம் கேட்பது? கேட்கத் தகுந்தவள் ஒருத்தியே; அவளிடமோ பொய் சொல்லியாயிற்று.

நண்பகலில் மகவின் துடிப்பு மீண்டும் தளர்ந்தது. "இனி நம் கையில் ஒன்றுமில்லை, தாய் பார்ப்பதானால் பார்க்கட்டும்," என்றார் மருத்துவர். மகாலட்சுமி அடுத்த அறைக்குச் சென்றாள்; கதவருகே நின்றாள்.

"அம்மா, காலையில உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ரெண்டு பேர் சொன்னது தெரியும். மூணாவது சொன்னேனா இல்லையான்னு எனக்கே தெரியல."

பேட்ரிசியாவின் முகம் வெளிறியது, பின் சிவந்தது. "நாலு மணி நேரம்! நாலு மணி நேரமா நான் நிம்மதியாப் படுத்திருக்கேன்! இப்ப வந்து சொல்றீங்க, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"பயந்துட்டேங்க. விட்டுப்போன சாமி கோவிச்சுக்குமேன்னு..."

அழுகைக்கும் சினத்துக்கும் இடையே பேட்ரிசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுத் தையல் வலிக்கக் கையால் அழுத்திக்கொண்டாள். "மூணு சாமி இல்லக்கா. ஒருத்தரைக் கூப்பிட மறந்தா அவர் முறுக்கிக்க அவங்க என்ன பங்காளிங்களா? ஒரே சாமிதான். தந்தைதான் மகன்னு இல்ல, மகன்தான் ஆவின்னு இல்ல, ஆனா மூணு பேரும் ஒரே கடவுள். பிள்ளைங்களுக்குப் பரீட்சைக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன், கடகடன்னு ஒப்பிப்பாங்க. நேத்து ராத்திரிதான் எனக்கே உறைச்சுது. வானம் பூமி ஒண்ணும் இல்லாதப்பவும் அவர் தனியா இருந்ததில்ல. அவருக்குள்ளயே அன்பு இருந்துச்சு. கொடுக்கறவரும் வாங்கறவரும் அந்த அன்பும். அந்த வீட்டுக்குத்தான் இவளை அனுப்பணும்னு நெனைச்சேன்."

"அப்படின்னா மூணையும் சொல்லியே ஆகணுமா?"

"ஆமா. எங்க தாய்த் திருச்சபை அப்படித்தான் கேட்குது. கூப்பிடறவங்க முழுசாக் கூப்பிட வேணாமா? வாங்க, என்னைத் தூக்கி விடுங்க."

சக்கர நாற்காலியில் அவளை ஏற்றித் தொட்டிலருகே கொணர்ந்தாள் மகாலட்சுமி. பேட்ரிசியா குழலைக் கையில் வாங்கினாள். அவள் கையோ காற்றில் அகப்பட்ட அரசிலைபோல் நடுங்கியது. ஒரு துளியும் குறித்த இடத்தில் விழாதென்று கண்டு, குழலைத் திருப்பி நீட்டினாள்.

"நீங்களே ஊத்துங்க. காலையில நடந்திருந்தா அது போதும், நடக்கலேன்னா இது நடக்கட்டும். அதனால 'நீ இன்னும் திருமுழுக்குப் பெறாதிருந்தால்'னு முதல்ல சேத்துக்குங்க. இந்தத் தடவை நான் உங்க வாயையே பாத்துட்டு இருப்பேன்."

பொய் சொன்ன வாய் அது. அதையே அத்தாய் உற்று நோக்கினாள். பதினெட்டு ஆண்டுப் பயிற்சியும் அக்கணத்தில் மகாலட்சுமிக்குத் துணைநிற்கவில்லை. தந்தையின் பெயர். நீர். மகனின் பெயர். நீர். கருவி அப்போதும் கூவியது, அவள் திரும்பவில்லை. தூய ஆவியின் பெயரை, சுவருக்கும் கேட்கும்படி, ஓரெழுத்தும் சிதையாது சொன்னாள். மூன்றாம் நீர் அந்நெற்றியோரம் வழிந்து, செவிமடலில் ஒரு துளியாய்த் தங்கியது.

அற்புதம் எதுவும் நிகழவில்லை. கருவியின் எண் ஏறவுமில்லை. மகவைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தாயின் மார்போடு கிடத்தினர். தைரியராஜ் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, மகளின் பாதம் ஒன்றைத் தன் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றிக்கொண்டான். வெயில் சாளரத்தின் கீழ்க்கட்டையைத் தாண்டுமுன் இளவேனிலின் மூச்சு ஒருமுறை வந்தது, அதன்பின் வரவில்லை. கருவியை அணைத்தவள் மகாலட்சுமி.

மாலை நான்கு மணிக்குப் பங்குத்தந்தை வந்தார். மகவின்மேல் கைவைத்து வேண்டினார். பின்னர்க் கோயிற் பதிவேட்டில் குறிக்கும்பொருட்டு, திருமுழுக்கு அளித்தவர் யாரென்று வினவினார். பேட்ரிசியா, சுவரோடு ஒட்டி நின்ற செவிலியைச் சுட்டினாள். அவர் மகாலட்சுமியின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு, "முறைப்படி எல்லாம் சொல்லப்பட்டதா? ஐயம் ஏதும் உண்டா?" என்றார்.

மகாலட்சுமி வாய் திறக்குமுன் தாய் விடை கூறினாள்: "இல்லீங்க ஃபாதர். நான் அவங்க வாயையே பாத்துட்டு இருந்தேன்."

இறைவன் ஒருவனாயும் மூவராயும் இருக்கும் பொருளை ஆய்ந்தோர் பலர். அவர்தம் நுண்ணுரைகளுள் ஒன்றையும் மகாலட்சுமி கற்றதில்லை. ஆயினும், அஞ்சிய ஒருத்தியின் சொல்லை அவளினும் அஞ்சிய ஒருத்தி கண்ணிமையாது காத்து நின்ற அந்நண்பகலில், அவ்வறையில் எவரும் தனித்திருக்கவில்லை என்பதை மட்டும் அவள் ஐயமற அறிந்திருந்தாள்.