வாத்தியார் பக்கத்தில் படுத்தவன்

1

இந்தக் கதையை நான் ஒரு கல்யாணப் பந்தியில் களவாடினேன். பள்ளிபாளையத்தில் பக்கத்து இலைக்காரர், ரசத்துக்குக் கையைக் குவித்தபடி சொன்னார்:

"எங்க மாமன் காளியப்பன் சேலத்து ஓட்டப் பந்தயத்துல மொதல்ல ஓடிட்டிருந்தாருங்க. பாதியில திரும்பி வந்து வாத்தியாரு பக்கத்துல குப்புறப் படுத்துட்டாரு. வாத்தியாருக்கு வேலை போயிருச்சுங்க."

ரசம் வந்தது, குடித்தார். மோர் வருவதற்குள் யாரோ கூப்பிட, எழுந்து போனார். ஏன் படுத்தார் என்று கேட்கத் திறந்த வாயை நான் அப்பளத்தால் அடைத்தேன். அன்று முதல் மண்டைக் குடைச்சல்.

2

'1931ஆம் ஆண்டு, காவிரியில் வெள்ளம் வடிந்திருந்த —' என்று எழுதத் தொடங்கினேன்.

வேண்டாம். வெள்ளத்துக்கும் இந்த ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

வாத்தியாரிடமே வருகிறேன். பெயர் சென்னிமலை. முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா வரை போய்த் திரும்பிய சிப்பாய். (பஸ்ரா என்பது என் ஊகம். ஆட்சேபிக்க அவர் உயிரோடு இல்லை.) ஊருக்கு வந்து நாமக்கல் பக்கத்துப் பள்ளியொன்றில் டிரில் வாத்தியார் ஆனார். வேலை தற்காலிகம். ஜில்லாப் போட்டியில் ஒரு கோப்பை வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

அவர் விசில் ஊதமாட்டார். யுத்தத்தில், பதுங்கு குழியில் விசில் ஊதினால் மேலே ஏறி ஓடிச் சாக வேண்டும். அதனால் தோள்துண்டைக் கீழே விடுவார். துண்டு விழுந்தால் பையன்கள் ஓட வேண்டும். மற்றபடி டிரில்லில் ஒரே விதி: அவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும்.

3

சேலத்து மைதானத்தில், மீசை அரும்பிய காளியப்பனிடம் வாத்தியார் சொன்னார்:

"இங்க துப்பாக்கி வெடிச்சுத்தான் உடுவாங்க, சாமி. நீ அதக் கண்டுக்காத. வெடிச்ச ஒடனே நான் துண்ட உடறேன். எம்பட துண்டப் பாத்து ஓடு."

"செரிங்க."

ஓரமாய்ப் போய் நின்றார். வெடித்தது.

துண்டு விழுந்தது. வாத்தியாரும் விழுந்தார். அவராக விழவில்லை, உடம்பு அவரைக் கேட்காமல் குப்புறப் போட்டது. வாயில் புழுதி. எழுந்திரு என்று தனக்குத்தானே கட்டளையிட்டார். கை கால் கேட்கவில்லை. ஜனம் சிரிப்பது காதில் விழுந்தது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் காளியப்பன் ஓடினான், எல்லோருக்கும் முன்னால். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

முதல் வளைவில் அவன் திரும்பிப் பார்த்தான்.

4

'காளியப்பன் கோப்பையை வாங்கி வாத்தியார் கையில் —'

இப்படி எழுதி ஒரு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன். காலையில் அடித்துவிட்டேன். பக்கத்து இலைக்காரர் பொய் சொல்லும் ஆள் இல்லை.

அவன் திரும்பி வந்தான். ஓடுகிறவர்களுக்கு எதிரே, மைதானத்துக்குக் குறுக்கே. வந்து அவரை ஒட்டிக் குப்புறப் படுத்தான். சிரிப்பு இரட்டிப்பானது. வேலை போன சங்கதி அந்த நிமிடமே வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏஞ்சாமி திரும்பி வந்த?"

'"நீங்க செய்யறதச் செய்யோணும்னு சொன்னீங்கள்ல" என்றான்.' எழுதிப் பார்த்தேன். அப்படியானால் அவர் வேலையை அவர் டிரில்லே தின்றது.

'"உங்களத் தனியா உட மனசு வரலீங்க" என்றான்.' இதையும் எழுதிப் பார்த்தேன். அப்படியானால் தன் பள்ளிப் பையனே இரக்கப்படும் ஆளாகிவிட்டார். அதைத் தாங்குவாரா? தாங்கக்கூடும். அதைவிட நல்லதொன்று அவருக்கு அதற்குமுன் யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்றும் தோன்றுகிறது. நாளுக்கொரு பக்கம் சாய்கிறேன்.

5

ஆகவே பதிலை உங்களிடம் விடுகிறேன்.

காளியப்பன் சொன்னான்: "                    "

என்ன வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். வாத்தியார் இன்னும் எழுந்திருக்கவில்லை.