வீட்டுக்கெல்லாம் ஒரே பெட்டி

அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதோ இல்லையோ, மெயில் வாசிப்பு கட்டாயம் இருக்கும். மூத்தார் கை கழுவி உட்கார்ந்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார். போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்து, அன்றைக்கு வந்தவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். மின்கட்டணம், பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை, பல் டாக்டரின் நினைவூட்டல் எல்லாம் உண்டு. வீட்டுக்கு மொத்தமாக ஒரே முகவரி. குடும்பம் என்றால் வாசல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் புதுப் போன் வாங்கினால் பழையது மனைவிக்கு வரும், மனைவியுடையது தம்பி பெண்டாட்டிக்கு வரும். எல்லாம் அதே கணக்கில்தான் ஓடும்.

அதனால் தம்பி பெண்டாட்டியான அவள் எதைத் தேடினாலும் வீடே தேடியது மாதிரிதான். ஒருநாள் முழங்கால் வலிக்கு வீடியோ பார்த்தாள். மறுநாள் டிவியைப் போட்டால் முழங்கால் பட்டை விளம்பரம். மூத்தார் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்துவிட்டார். இன்னொரு நாள் தூக்கம் வரவில்லையே என்று எதையோ தேடப் போக, கூடத்தில் பஞ்சாயத்தே கூடியது. யாரும் திட்டவில்லை. தம்பி இறந்துபோன பிறகு அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் அவர். கண்ணுக்குள்ளேயே குடியிருப்பவளுக்கு எங்கே போய் மறைவு கிடைக்கும்?

அன்றைக்கு ஆஸ்பத்திரித் துணி அறையில் அவளுக்கு இரட்டை ஷிப்டு. போர்வைகளை மடித்து மடித்துத் தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. முதல் வாய் எடுத்து வைப்பதற்குள் மூத்தார் தொண்டையைச் செருமினார்.

"இது என்ன புதுசா இருக்கு? 'மூணாம்மாடி என்ற முகவரியின் உரிமையாளர், கடவுச்சொல் மறந்துபோனால் உதவுவதற்காக உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறார்.' எவன் இவன், மூணாம்மாடி? நம்ம வீட்டுக்கு மாடியே கிடையாதே!"

"பேயா இருக்கும்ப்பா," என்றாள் அவருடைய பெரிய பெண், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பேய்க்கு எதுக்குடி மெயிலு? இது திருட்டுப்பய வேலை. ஆனா வசமா மாட்டிக்கிட்டான். கடவுச்சொல் மறந்துடுச்சுன்னு நாம தட்டினா நம்பர் நமக்குத்தான் வரும். அதைப் போட்டு உள்ள போயி, யாரு என்னன்னு அத்தனையும் படிச்சிடலாம். நாளைக்கு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளை வெச்சு ஒரு கை பாக்கறேன்."

எடுத்த வாயை அவள் தட்டிலேயே வைத்தாள். மூணாம்மாடி அவள்தான்.

துணி அறை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் இருந்தது. போன வருஷம் தள்ளுவண்டியோடு லிப்டில் அவள் மாட்டிக்கொண்டபோது, வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பயப்படாதீங்க, பேசிட்டே இருங்க." என்ன பேசுவது என்று கேட்டாள். "எது வேணா. இன்னைக்கு எத்தனை போர்வை மடிச்சீங்க?" லிப்டு மெக்கானிக். கதவு திறந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. போன மாதம் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்றைக்குத் தன் மெயில் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, கல்யாணம் பற்றிக் கேட்டான். "பதிலைப் போன்ல கேட்டா அவசரப்படுத்தற மாதிரி ஆயிடும். யோசிச்சு எழுதுங்க," என்றான்.

எழுத அவளுக்கென்று ஒரு பெட்டி வேண்டுமே. துணி அறைக் கம்ப்யூட்டரில் நேற்றுத்தான் உண்டாக்கினாள். பேர் போடவில்லை, போட்டோ வைக்கவில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், கடைசியில் உதவிக்கு இன்னொரு முகவரி கொடு என்று அது கேட்டபோது, ஷிப்டு முடிந்த அசதியில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே முகவரியைத் தட்டிவிட்டாள். பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியைக் கூடத்திலேயே தொங்கவிட்ட கதைதான்.

மூத்தார் கோபித்துக்கொள்வார் என்ற பயம் அவளுக்கு இல்லை. சந்தோஷப்பட்டுவிடுவாரோ என்றுதான் பயம். பையன் யார், எந்த ஊர் என்று விசாரித்து, அடுத்த வாரமே சரி என்றோ வேண்டாம் என்றோ அவரே முடித்து வைத்துவிடுவார். முதல் கல்யாணத்திலும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்தான் வாய்த்தான், அது வேறு விஷயம். இந்தத் தடவையாவது யோசிக்கிற வேலை அவளுடையதாக இருக்க வேண்டும்.

சமையலறையில் மூத்தாரின் மனைவி, அவளுடைய ஓரகத்தி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை இன்னும் கொஞ்சம் திருகி, தண்ணீர்ச் சத்தத்தைக் கூட்டினாள்.

"யாருடி அது?"

"எது யாருக்கா?"

"நடிக்காத. அவரு படிச்சப்போ உன் மூஞ்சியப் பாத்தேன். கரன்ட்டு போன மாதிரி இருந்துச்சு."

அவள் கழுவிய தட்டை மறுபடியும் கழுவினாள். பிறகு சொன்னாள். சொல்லி முடிக்க இரண்டு தட்டு நேரம்கூட ஆகவில்லை.

ஓரகத்தி பெருமூச்சு விட்டாள். "மனசுக்குப் புடிச்சிருக்கா?"

"தெரியலக்கா. அதத்தான் யோசிக்கலாம்னு பாத்தா, அதுக்குக்கூட இந்த வீட்டுல இடமில்ல."

"சரி, உன் போன்ல இருந்தே இப்ப அதைத் தெறந்து நம்ம முகவரிய எடுத்துடு."

"வேற போன்ல தெறந்தா, யாரோ தெறந்திருக்காங்கன்னு அதுக்கும் ஒரு மெயில் இங்கதான் வரும். காலையில வேலையிடத்துலதான் எடுக்கணும். எடுத்தாலும், எடுத்தாச்சுன்னு ஒண்ணு வந்து நிக்கும்."

"அடேங்கப்பா, உன் மூத்தாருக்கு மேல இருக்கே அது!" ஓரகத்தி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு வந்ததை அவர் பல் தேய்க்கப் போறப்போ நான் அழிச்சுடறேன். குப்பையிலயும் போய் அழிக்கணும், இல்லன்னா அங்க பத்திரமா உக்காந்திருக்கும். நாளைக்கு வர்றதையும் நான் பாத்துக்கறேன். அழிச்சதும் ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

ஓரகத்தி குழாயை மூடவில்லை. "எனக்கும் ஒரு பெட்டி இருக்கு. ரெண்டு வருஷமாச்சு."

அவள் வாயைப் பிளந்தாள்.

"ஆளெல்லாம் இல்லடி, அப்படிப் பாக்காத. எனக்கு நானே எழுதிக்குவேன். இன்னைக்குக் கால் வலிச்சுது, இன்னைக்கு அவரு மேல எரிச்சலா வந்துச்சுன்னு. யாரும் படிக்க மாட்டாங்கங்கறதே ஒரு சொகம். எழுதி முடிச்சதும் மறக்காம வெளிய வந்துடுவேன், தேடின தடத்தையும் அழிச்சுடுவேன். நீயும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல கடவுச்சொல்ல ஞாபகம் வெச்சுக்கவான்னு அது கேட்டா, வேண்டாம்னு சொல்லு. அதுக்கு எதுக்கு நம்ம ஞாபகமெல்லாம்?"

காலையில் மூத்தார் கிளம்பும்போது போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். "அந்த மூணாம்மாடி மெயிலைக் காணோமே?"

"கண்ணாடி போடாம கண்டதையும் அழிச்சா எப்படி இருக்கும்? போன மாசம் கேஸ் பில்லையே அழிச்ச ஆளு," என்றாள் ஓரகத்தி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அது நடந்த கதைதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கூடவே வேலைக்குக் கிளம்பிய அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. வாசலில் குடையை அவள் கையில் திணித்து, "மேகமா இருக்கும்மா, பாத்துப் போ," என்றபோது இன்னும் பாவமாக இருந்தது.

துணி அறையில் சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன சமயம் அவள் பெட்டியைத் திறந்தாள். வீட்டு முகவரியை எடுத்தாள். கடவுச்சொல் மறந்தால் உங்களுக்கு உதவ யாரும் இருக்க மாட்டார்கள், சம்மதமா என்று கேட்டது. அலுப்பாகச் சிரிப்பு வந்தது. சம்மதம் என்று தட்டினாள்.

காத்திருந்தாள். வெளியே தள்ளுவண்டிகள் உருண்டுகொண்டிருந்தன. மூத்தாரின் போனிலும் அதே பெட்டிதான். அவர் முந்திக்கொண்டால்? ஒரு அடுக்குப் போர்வையை மடித்தாள். மடிப்பு கோணலாக வந்தது. பிரித்து மறுபடியும் மடித்தாள். அப்போது போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. ஓரகத்தி.

போர்வையின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். பிறகு துண்டுச் சீட்டை எடுத்து அவன் முகவரியைப் பார்த்துத் தட்டினாள். மூன்று வரி எழுதி அழித்தாள். கடைசியில் இப்படி எழுதினாள்:

'இன்னைக்கு இதுவரைக்கும் ஒரே ஒரு அடுக்குப் போர்வைதான் மடிச்சேன், அதுவும் கோணல். உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் என்கிட்ட தயாரா இல்ல. ஆனா யோசிக்கறது நான் மட்டும்தான், வேற யாரும் இல்ல. அவசரம் இல்லன்னா இந்தப் பெட்டிக்கே எழுதிட்டு இருங்க. உங்க அம்மாவப் பத்தி எழுதுங்க. உங்களுக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவீங்கன்னும் எழுதுங்க.'

அனுப்பினாள். கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்றாள். வெளியே வந்து, தடத்தை அழித்து, துண்டுச் சீட்டையும் பொடிப்பொடியாகக் கிழித்தாள். அவன் முகவரி இப்போது அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

பிறகு அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.