நல்லூர்க் கொடியும் எட்டாம் பக்கத்துக் கொத்துரொட்டியும்

1

இந்தக் கதை ஒரு பழைய பத்திரிகையில் கிடைத்தது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் வெளிவந்த இலவசத் தமிழ் வாரப்பத்திரிகை அது. வெள்ளிக்கிழமைதோறும் பலசரக்குக் கடை வாசல்களில் அடுக்கி வைப்பார்கள். நூலகத்தில் அதன் இதழொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதற்பக்கத்தில், நல்லூரில் கொடியேறிவிட்டது என்ற செய்தி. எட்டாம் பக்கத்தில், 'இந்தக் கிழமை எங்கே சாப்பிடலாம்?' என்ற பத்தி. ஸ்காபரோவில் புதிதாகத் திறந்த கடையொன்றின் ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டிக்கு அதில் முழுப் பக்கப் புகழ்.

இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகுதான் சிரிப்பு வந்தது.

(தெரியாதவர்களுக்கு: நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாள் திருவிழா. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகள் பலவற்றில் அத்தனை நாளும் இறைச்சி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. கனடாவுக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.)

நான் கண்டது இவ்வளவுதான். மிச்சம் கற்பனை.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நூறு பேருக்குச் சமைத்துவிட்டு, மஸீஹா வெறும் வாசலையே பார்த்துக்கொண்டு

வேண்டாம். முதல் வரியிலேயே அழ வைக்கப் பார்க்கிறது.

ஒரு நகரத்தை அறிய விரும்புகிறவன் அதன் உணவகங்களில்

இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை.

சந்திரவதனா விரதம் பிடிப்பதில்லை.

இது சரி. எல்லாப் பிழையும் இங்கேதான் தொடங்குகிறது.

சந்திரவதனா விரதம் பிடிப்பதில்லை. பகலில் கூரியர் கம்பனிக்குக் கார் ஓட்டினாள். சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து மார்க்கம் வரை பொதி கொடுத்துத் திரிகிறவளுக்கு எங்கே பசிக்கிறதோ அங்கேதான் மத்தியானச் சாப்பாடு. அந்த இடங்களைப் பற்றித்தான் எட்டாம் பக்கத்தில் எழுதினாள். உள்ளதை எழுதுவாள். 'சாம்பாரில் உப்பு உண்டு; அது ஒன்றுதான் உண்டு' என்று எழுதியதில் ஒரு கடையின் விளம்பரமே நின்றுபோனது. ஆசிரியர் இராஜரட்ணம் தலையில் கை வைத்தாரே தவிர, அவளை நிறுத்தவில்லை. பத்திரிகையை எடுத்தவர்கள் முதலில் திருப்பியது எட்டாம் பக்கத்தைத்தான்.

மஸீஹாவின் கடையை அவள் ஜூலையில் கண்டுபிடித்தாள். பிளாஸா மூலையில் ஐந்து மேசை. மஸீஹா கொத்துவாள், கணவர் ஹபீபுல்லாஹ் காசு மேசையில் இருப்பார். சந்திரவதனா வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்ச் சாப்பிட்டாள். மூன்றாம் வாரம் இரண்டு பெண்களும் 'அடி' போட்டுப் பேசும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். தம்பதி யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவர்கள். தொண்ணூறில் அங்கிருந்து

(இந்த வாக்கியத்தை நான்கு தடவை தொடங்கினேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஆயுதமேந்திய தமிழ் இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்ன நாளை, கொத்துரொட்டிக் கதைக்குள் அரை வரியில் வைக்கக் கூசுகிறது. வைக்காமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஆகவே பாதியிலேயே நிற்கட்டும்.)

கடைக்காக மஸீஹா தையல் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். கடைக்கு ஆட்கள் வருவதில்லை. தொழிற்சாலை மேற்பார்வையாளர் நல்ல மனுஷி, கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். இந்தத் திங்கட்கிழமை வந்தால் பழைய மெஷின் அவளுக்கு. வராவிட்டால் வேறு ஆளுக்கு. வெள்ளிக்கிழமை வெளிவந்த சந்திரவதனாவின் பத்தியைத்தான் மஸீஹா நம்பியிருந்தாள். அது எழுப்பாத கடையை இனி எது எழுப்பும்? ஞாயிறு இரவுக்குள் தெரிந்துவிடும்.

3

சனி மத்தியானம், வாசலில் வரிசை நிற்கும் என்ற நினைப்போடு சந்திரவதனா கதவைத் திறந்தாள். ஐந்து மேசையும் காலி.

"சனம் எங்க?"

"நீ எழுதினதைப் படிச்சிட்டு ஓடிட்டினம்," என்றாள் மஸீஹா.

"நேற்று ஜும்ஆத் தொழுகை முடிய எட்டுப் பேர் வந்தவை," என்றார் ஹபீபுல்லாஹ். "எங்கட ஆக்கள். பிறகு ஒருத்தருமில்லை. சமைச்சதெல்லாம் பிறீசருக்குள்ள."

மஸீஹா கை துடைத்த துணியை மேசையில் போட்டாள். "ஒளிக்காமச் சொல்லு, சந்திரா. எங்கட கையால சாப்பிட உங்கட ஆக்களுக்கு மனமில்லையோ?"

(இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.)

சந்திரவதனா மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்தாள். முதற்பக்கம் மேலே வந்தது. மஸீஹாதான் முதலில் கண்டாள்.

"அடியேய்! கொடியேறிட்டுதடி!"

"என்ன கொடி?"

"நல்லூரடி, மடைச்சி! நீயெல்லாம் ஒரு சைவக்காரி! இந்த நாளில எங்கட வாப்பா இறைச்சிக் கடையில இருந்து கொட்டாவிதான் விடுவார். ஐயோ, நான் எப்பிடி இதை மறந்தன்?"

கொடியேற்றத்தை முதற்பக்கத்தில் போட்ட ஆசிரியருக்கு உறைக்கவில்லை. பத்தி எழுதியவளுக்கும் உறைக்கவில்லை. இறைச்சிக்கடைக்காரரின் மகளுக்குத்தான் உறைத்தது. உறைத்ததும் அவள் சிரித்த சிரிப்பில் ஹபீபுல்லாஹ் பயந்துபோனார்.

"மனமில்லாமலில்லை, விரதம்!" என்றாள் மஸீஹா. "நாளைக்குத் தனி மரக்கறிக் கொத்து. முட்டையும் இல்லை."

"இறைச்சி கொத்தின தட்டிலயோ?" என்றார் ஹபீபுல்லாஹ். "அவை தொடமாட்டினம்."

"இரும்புத் தட்டு புதுசு. சட்டி புதுசு, அகப்பை புதுசு. வாங்கிவர இப்பவே காரை எடுங்கோ."

"ஆருக்கு எப்பிடிச் சொல்லுறது? பேப்பர் வர அடுத்த வெள்ளி ஆகுமே."

"பேப்பர் வேண்டாம்," என்றாள் சந்திரவதனா. "நேற்றுக் காலமையே இராஜரட்ணம் அண்ணைக்குப் போன் எடுத்து ஏசின ஒரு அன்ரி இருக்கிறா. ஏன் ஏசினவா எண்டு இப்பதான் விளங்குது."

4

அந்த அன்ரி மங்கையற்கரசியை முதலில் கெட்டவளாக எழுதியிருந்தேன். இரண்டு பக்கம் தாங்கவில்லை. அவளுடைய கோபத்தில் ஒரு நேர்மை இருந்தது. அதை அழிக்க எனக்குத் தெரியவில்லை. இப்போது தொலைபேசியில் அவள் தானாகவே பேசுகிறாள்.

"ஓ, நீதானோ அந்த ஆட்டிறைச்சி? கொடியேறின கிழமையில எழுத வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"பிழைதான், அன்ரி. அதுக்குத்தான் எடுக்கிறன். நாளைக்கு அந்தக் கடையில தனிச் சைவம். எல்லாம் புதுப் பாத்திரம். நீங்கள் வந்து பாத்து, சரியெண்டா நாலு பேருக்குச் சொல்லுங்கோ."

"சரியில்லையெண்டா?"

"நானூறு பேருக்குச் சொல்லுவியள் எண்டு தெரியும்."

(எனக்கு மௌனங்கள் பிடிக்கும். இங்கே ஒன்றை ஒரு பக்கத்துக்கு நீட்ட ஆசைப்பட்டேன். அன்ரி விடவில்லை.)

"எத்தினை மணிக்கு?"

5

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு, கோயிலில் இருந்து நேரே, பட்டுச் சேலையும் திருநீறுமாக மங்கையற்கரசி வந்தாள். மேசையில் உட்காரவில்லை. சமையலறைக்குள் போனாள்.

"தட்டு புதுசோ?"

"பெட்டி பின்வாசலில கிடக்கு, அன்ரி. வேணுமெண்டால் பாருங்கோ."

போய்ப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். கத்தரிக்காயும் லீக்ஸும் பச்சை மிளகாயுமாக ஆவி பறக்கும் கொத்தை மஸீஹா கொண்டுவந்து வைத்தாள்.

இங்கே மூன்று வழிகள் என் முன்னால் இருந்தன. அன்ரி ஒரு வாய் உண்டுவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுகிறாள். அல்லது, கண் கலங்கி மஸீஹாவைக் கட்டிப்பிடிக்கிறாள். (அவள் அப்படிப்பட்டவள் அல்ல.) அல்லது

மூன்றாவதை நான் யோசிக்க முன்னமே அவள் சாப்பிட்டு முடித்துவிட்டாள். கடைசி லீக்ஸ் துண்டையும் விரலால் வழித்தாள். கை கழுவினாள். சுவரில் இருந்த தொலைபேசியை, யாரையும் கேட்காமல், எடுத்துக் கோயில் அலுவலகத்துக்கு எண் சுழற்றினாள்.

"ஜெயமலரோ? பூசை முடிஞ்சுதோ? நிக்கிற சனத்தை இஞ்ச அனுப்பு. ஓம், பேப்பரில வந்த கடைதான். விரதம் எனக்குத் தெரியாதோ? தனிச் சைவம், நான் பாத்திட்டன். ஆர் சமைக்கிறதோ? எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வேற என்ன தெரியவேணும் உனக்கு?"

கொத்தும் தகடுகளைப் பிடித்திருந்த மஸீஹாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கொத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் பிளாஸா முழுவதும் கேட்டது.

அரை மணித்தியாலத்தில் கார் விட இடமில்லை. பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் சலவைக்கடையைத் தாண்டி, பல் வைத்தியரைத் தாண்டி வரிசையாக நின்றன. ஹபீபுல்லாஹ் கத்தரிக்காய்க்கு மூன்று தரம் ஓடினார். சந்திரவதனா ரொட்டிக்கு மாக் குழைத்தாள், மோசமாகக் குழைத்தாள், யாரும் கவனிக்கவில்லை. மங்கையற்கரசி வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தினாள்: "தம்பி, இடையில பூராதை! நானும் நிண்டுதான் சாப்பிட்டனான்!" (அது பொய்.)

நாலு மணிக்கு மஸீஹா நிமிராமலே கணவரிடம் சொன்னாள்:

"இஞ்சருங்கோ, தொழிற்சாலைக்குப் போன் எடுத்து என்ர மெஷினை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுங்கோ."

"இண்டைக்கு ஞாயிறு. ஆரும் எடுக்கமாட்டினம்."

"மெசேஜ் விடுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ. இந்தச் சத்தமும் கேக்கட்டும்."

6

இதோடு நிறுத்தியிருக்கலாம். கொடி இறங்கிய பிறகு அதே சனம் இறைச்சிக்கும் வந்ததா, கடை எத்தனை வருஷம் நின்றது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பத்திரிகையின் அடுத்த இதழைத் தேடவும் இல்லை.

எனக்கு அந்த ஞாயிறு போதும். வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டே நீங்களும் அதில்தான் நின்றிருக்கிறீர்கள். முன்னால் நின்றவர் பொதியோடு விலகிவிட்டார். மஸீஹா முகத்து வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள்.

"உங்களுக்கு? உறைப்புக் கூடவோ, குறையவோ?"

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். கெதியாகச் சொல்லுங்கள்.